தரம் மூன்று, பிரிவு ஆ

'தற்போது ஆற்றும் கடமைகள்' என்ற கேள்விக்குக் கீழே
இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
இமெல்டா பேனையைத் திறந்தாள், மூடினாள்,
மறுபடி திறந்தாள்.
சங்க அறையின் காற்றாடி
தலைவர் திலகசிறியின் பக்கம் போனால்
அங்கேயே நின்றுவிடும் வகை.
எங்கள் இருவருக்கும் வேர்த்தது.

சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன்.

"முதல்ல கதவு திறக்கிறது.
பிறகு ஏணி வச்சு மாதிரி இழுக்கிறது,
ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது சாக்கு.
ஈரம் மெஷின்ல பார்க்கிறது.
மெஷின் என்ன சொன்னாலும்
கையில ஒரு சிட்டிகை நொறுக்கிப் பார்த்தாத்தான் நம்புவேன்.
பிறகு கம்பியூட்டர்ல அடிக்கிறது."

யார் கணக்கில்?

"விக்கிரமாராச்சி சேர்ட கணக்கில.
கடவுச்சொல் அவர்ட மகள்ட பிறந்த நாள்.
கேக் வாங்கச் சொல்லி
வருஷா வருஷம் நான்தான் ஞாபகப்படுத்துறது."

நியமனக் கடிதத்தில் அவள் சிற்றூழியர்.
கூட்டுதல், சுமத்தல்,
அவ்வப்போது பணிக்கப்படும் பிற வேலைகள்.
அந்தப் 'பிற'வுக்குள்
பதினொரு வருடம் குடியிருந்திருக்கிறாள்.
மட்டக்குளித் தேயிலைக் களஞ்சியம் முழுவதும்
அதற்குள் கொள்ளும் என்று
எழுதியவருக்குத் தெரிந்திருக்காது.
தெரிந்தும் இருக்கலாம்.

நாரஹேன்பிட்டியில் மூன்று தவணை.
நிர்வாகம் கேட்டது:
எழுத்தில் பணிப்புரை உண்டா?
இல்லை.
ஆவணங்களில் இவருடைய கையொப்பம் உண்டா?
ஒன்றுகூட இல்லை.
அப்படியானால் இது வேலை அல்ல, ஆர்வம்.

எனக்குப் பதில் வரவில்லை.
கூட்டு ஒப்பந்தத்தைப் புரட்டுவதுபோல் புரட்டினேன்.
இமெல்டாதான் எழுந்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள்.
'விக்கிரமாராச்சி' என்று கையொப்பம் இட்டாள்,
கடைசிச் சுழி மேலேறி
ஒரு பெருமூச்சுபோல் திரும்பி இறங்கும் அதே ஒப்பம்.
அருகில் அவரையும் போடச் சொன்னார் உதவி ஆணையாளர்.
தாளை இரண்டு முறை சுற்றி
மேசையில் வைத்து, எது உங்களுடையது என்றார்.

நிர்வாகத்தின் சாட்சி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டினார்.
மேக்க மகே, இது என்னுடையது என்று
அவளுடையதைத் தொட்டார்.

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு, படியிறங்கும்போது, திலகசிறி சிரித்தார்.

எழுதுவினைஞர், தரம் இரண்டு,
அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து.
நிலுவை இல்லை.
சம்பளம் இரண்டாயிரத்து நூற்றைம்பது கூடுகிறது.
அந்தத் தரத்துக்கு மேலதிக நேரம் கிடையாது.
உறையின் பின்பக்கம் கூட்டிக் கழித்துக் காட்டினேன்:
மாதம் நாலாயிரம் நட்டம்.

"தெரியும். படிவம் எடுக்க வந்த அன்றைக்கே பார்த்தேன்.
என்ட பேர்ல ஒரு கணக்கு திறப்பாங்கதானே?"

திறப்பார்கள் என்றேன்.
சொல்லாமல் விட்டது,
எழுதுவினைஞருக்கு எங்கள் சங்கத்தில் இடமில்லை என்பது.
அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.
கடைசிச் சந்தாவை,
பாதி மாதத்துக்குப் பாதிதானே என்று பேரம் பேசி,
முழுதாகவே தந்தாள்.

சந்தாப் பதிவேட்டில்
அவள் பெயரின் மேல் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.
வேலைநிறுத்தத்தின்போது ஆற்றங்கரைப் பக்க வாயிலில்
இரவு முழுக்க நின்றவர்களில் ஒருத்தி.
வென்ற வழக்கு.
ஆண்டறிக்கையில் முதற் பக்கம்.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
இன்னும் அவள்தான் ஏணியில்.
இப்போது செருப்புப் போட்டுக்கொண்டு.
கீழே ஏணியைப் பிடித்தபடி புதுப் பொடியன் ஒருவன்,
வத்தளை அஸ்மீர்,
சிற்றூழியர், தரம் மூன்று, பிரிவு ஆ.
மாதிரிச் சீட்டுகளை அவன்தான் எழுதிக்கொண்டிருந்தான்.
கீழே 'இமெல்டா' என்று
மிகக் கவனமாக
ஒப்பம் இட்டான்.

அவள் மேலிருந்து பார்த்தாள்.
என்னைத்தான், அவனை அல்ல.

படிவங்கள் எங்கள் அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன.
வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.